தாழைமேட்டின் சராசரிப் பிள்ளை

தாழைமேட்டில் ஒரே வருஷத்தில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரின் உயரத்தையும் எடையையும் காது கேட்கும் திறனையும் பேசிய சொற்களையும் பதினைந்து வருஷமாக அளந்து அளந்து சேர்த்து வைத்திருந்த விவரங்களை மிருதுளா தன் கணினியில் ஏற்றி, பிறந்த நேரத்துக்குரிய சராசரியைக் கண்டுபிடித்த புதன்கிழமை மத்தியானம், சாயப்பட்டறை வாய்க்கால் ஓரத்தில், எருக்கஞ்செடிகளுக்கு நடுவில், ஒரு கைக்குழந்தை கிடந்தது. அது அழவும் இல்லை, தூங்கவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்காகத் தறிக்கூடத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் அதைத் தூக்கினார்கள். ஆணா பெண்ணா என்று துணியை விலக்கிப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி மூடினார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எடை பார்க்கிற தராசு அந்த ஊரில் மிருதுளாவிடம்தான் இருந்தது. விசைத்தறிச் சத்தத்துக்குள் வளர்கிற பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்ப்பதற்காக நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கிய வேலை அது. தொடங்கிய டாக்டர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட, சேர்ந்துகிடந்த விவரங்களைக் கூட்டிக் கழித்து அதிலிருந்து ஏதாவது சொல்வதற்காக அனுப்பப்பட்டவள் மிருதுளா. நகராட்சிப் பள்ளியின் மாடியில் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பெண்கள் குழந்தையைக் கொண்டுவந்து தராசில் போட்டார்கள். மிருதுளா தராசின் முள்ளைப் பார்த்தாள், கணினித் திரையைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"இது சராசரிங்க," என்றாள்.

"யாரு ராசரி?" என்றாள் ஒருத்தி. தறிச் சத்தத்தில் எந்தச் சொல்லும் அந்த ஊரில் முழுதாகப் போய்ச் சேராது. "ராசுவா? நல்ல பேருங்க மேடம், அதையே வெச்சுக்கலாம்."

அப்படித்தான் ராசு வந்தது. மிருதுளா ஒரு வயதின் விவரங்களைக் கூட்டி முடிக்கும்போதெல்லாம் அதற்கு ஒரு வயது கூடியது. அவள் காய்ச்சலில் படுத்த வாரம் முழுக்க அது வளராமல் காத்திருந்தது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன. எந்தக் கோயிலில் முடி எடுப்பது என்பது முதல் கவலை. மாரியம்மன் கோயில்காரர்கள் தங்களுடையது என்றார்கள், பெருமாள் கோயில்காரர்கள் தங்களுடையது என்றார்கள், பள்ளிவாசல் தெருவிலும் சர்ச் தெருவிலும் அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் இருந்ததால் அவர்களும் விடவில்லை. கடைசியில் எல்லா வாசலிலும் கொஞ்சம் கொஞ்சம் முடியைக் கத்தரித்து, மீதியை அப்படியே விட்டார்கள். எந்த வீட்டிலும் அது ஒரு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை. எந்த வீட்டிலும் ஒரு கவளம் சாப்பிடாமலும் போகவில்லை. அதன் வாயில் இருந்த சொற்கள் எல்லாப் பிள்ளைகளும் அந்த வயதில் சொன்ன சொற்கள்தான்: அம்மா, பூ, காக்கா, தறி.

"என்ற பொண்ணு மூக்கு அப்படியே இருக்குது பாருங்க," என்றாள் இட்லிக்கடைக்காரி.

"மூக்கு உன்றதா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நடை என்ற பையன் நடைதான்," என்றார் தறி முதலாளிகள் சங்கத் தலைவர் பொன்னுரங்கம். அந்த வருஷத்தில் அவருக்குப் பிறந்தது மகள்தான், மகன் அல்ல. ஆனால் நடையைக் கண்டதும் அவருக்குத் தன் பிள்ளை பெண் என்பதே மறந்துபோயிருந்தது.

இரண்டாவது கவலை, ராசுவின் பக்கத்தில் நிற்கவைப்பது. மூன்று வயது ராசு தெருவில் நடந்தபோது, ஊரிலிருந்த மூன்று வயதுப் பிள்ளைகளை எல்லாம் இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். தலை எட்டாத பிள்ளைக்கு அன்றே டானிக் வாங்கினார்கள், எட்டிய பிள்ளையின் தாய் அன்றே திருஷ்டி கழித்தாள். ராசு பேசுகிற அளவு பேசாத பிள்ளையைத் தொடையில் கிள்ளினார்கள். ஒரு மாதத்துக்குள் ஊரின் மருந்துக்கடை இரண்டு கடையானது. மிருதுளா மாடியிலிருந்து இறங்கிவந்து தெருவில் நின்று சொல்லிப் பார்த்தாள்.

"ஏறக்குறைய பாதிப் பிள்ளைங்க எப்பவுமே சராசரிக்குக் கீழதாங்க இருப்பாங்க. எந்த ஊரானாலும் அப்படித்தான். பயப்பட ஒண்ணுமில்லை."

"இருக்கட்டுங்க மேடம்," என்றார் ஒருவர், மகனின் முதுகை நிமிர்த்திப் பிடித்தபடி. "ஆனா அந்தப் பாதியில என்ற பையன் இருக்கக்கூடாதுங்க."

ஊர் இப்படி ராசுவின் தலையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், தவமணி அதன் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவமணியும் அவள் புருஷன் மாதேசும் ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. பரணி நட்சத்திரம் முடிகிற நேரத்தில் பையன் வந்தான், கார்த்திகை தொடங்கிய பிறகு பெண் வந்தாள். அதனால் அவன் பரணி, அவள் கிருத்திகா. மற்ற எல்லாத் தாய்மாரையும் போல அவளும் இரண்டு தொட்டில்களையும் தறிக்கூடத்திலேயே, தறிக்கும் சுவருக்கும் நடுவிலேயே கட்டினாள். தறி ஓடினால்தான் பிள்ளைகள் தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொள்ளும். பரணிக்கு இடது காது மந்தம். யாராவது கூப்பிட்டால் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, வலது காதைக் கொடுத்துக் கேட்பான். அந்தச் சாய்வில் ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். ஆறு வயதில், நூல் ஏற்றிவந்த லாரி இடப்பக்கமிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தபோது அவன் திரும்பவில்லை. காது சரியில்லாத பிள்ளை, விதி என்று ஊர் சொன்னது. தவமணியும் அப்படியே நம்பினாள்.

ராசுவுக்கு இரண்டு வயதாக இருந்தபோதே ஒரு நாள், தன் வீட்டுக் கவளத்தை உருட்டிக்கொண்டு, "ராசு, இந்தா சாமி," என்று கூப்பிட்டாள். ராசு கழுத்தைச் சாய்த்தது. ஒரு நூலிழை அளவு. பக்கத்தில் இருந்த வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

அன்று மாதேசிடம் சொன்னாள்: "ஏனுங்க, நம்ம பையன் அதுல இருக்கறானுங்க."

"எல்லாரும்தான் இருக்கறாங்க."

"கழுத்தைப் பாத்தீங்களா?"

மாதேசு பார்த்தான். பிறகு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை இல்லாத நேரத்தில், தறிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ராசு படுக்கிற வீடு தவமணியின் வீடு என்றாயிற்று. ஊர் ஆட்சேபிக்கவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, படுக்கிற நேரமாவது வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். கிருத்திகா தன் பாயை ராசுவுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் படுத்தாள். தவமணி ராசுவுக்குத் தலை சீவினாள். பெண் பிள்ளைகளின் சடையும் ஆண் பிள்ளைகளின் கிராப்பும் கலந்து பாதியாகி, தோளைத் தொடாமல் நின்ற முடி அது. ராசுவிடம் மடமடவென்று பேசிக்கொண்டே இருந்தாள். கிருத்திகாவை வேலை ஏவும்போது மட்டும், திரும்பிப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்தபடியோ குடத்தைப் பார்த்தபடியோ கூப்பிடுவாள். அவள் வராவிட்டால் அக்கம்பக்கத்தில் சொல்லுவாள்: "எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பறதில்லீங்க. அவ்வளவு திமிரு."

ஐந்து வயது முடிந்தது, ஆறு முடிந்தது. அடுத்து ஏழு என்று தெரிந்ததும் தவமணி பள்ளி மாடிக்குப் போனாள்.

"மேடம், ஏழு வயசைப் போடாதீங்க."

மிருதுளாவுக்கு உடனே புரிந்தது. அந்தத் தாயின் பெயரும் அவள் மகன் எந்த வயதோடு நின்றான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அக்கா, ஏழு வயசுல பரணி இல்லை. இல்லாத பையனை நான் கூட்ட முடியாதுங்க."

"அதான் சொல்றேன். ஆறோட இருக்கட்டும். ஊருக்கு என்னங்க நஷ்டம்? ஒரு பிள்ளை ஆறு வயசாவே இருந்துட்டுப் போகுது."

"மத்த பிள்ளைங்க எல்லாம் வளந்திருக்காங்களே அக்கா."

தவமணி அழவில்லை. மேஜைமேல் இருந்த கணினியைச் சிறிது நேரம், மூச்சுவிடுகிற ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள். மிருதுளா மூன்று நாள் அந்த வேலையைத் தொடாமல் இருந்தாள். நான்காம் நாள் நிலையத்திலிருந்து போன் வந்தது, அவள் தொட்டாள்.

மறுநாள் காலையில் ராசு எழுந்தபோது கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. தவமணி கையில் காப்பித் தம்ளருடன் வாசற்படியில் நின்று, கூப்பிடப் பயந்து, கடைசியில் கூப்பிட்டாள். ராசு கழுத்தைச் சாய்த்தது. நூலிழை அளவு அல்ல, ஒரு விரல் அளவு.

அவள் தெருவெல்லாம் ஓடினாள். "போகலீங்க! என்ற பையன் போகலீங்க!" என்று இட்லிக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் சொன்னாள். எட்டாம் வயதில் சாய்வு இன்னும் கூடியது, ஒன்பதில் இன்னும். பத்து வயதில் தெருக்கோடியில் நிற்பவர்களுக்கும் தெரிந்தது. ஊர் தவமணிக்காகச் சந்தோஷப்பட்டது. செத்த பிள்ளை கணக்குக்குள் நுழைந்து தாயிடம் வந்துசேர்ந்ததாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைகளில் சிலர் ராசுவுக்கு மாலை போட்டார்கள். பேசும்போது மட்டும் ராசுவிடம் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. அது யாருக்கும் சிரமமாக இல்லை, தாழைமேட்டில் எல்லாரும் எல்லாரிடமும் கத்தித்தான் பேசினார்கள்.

பதினைந்தாம் வயதைப் போட்டு முடித்த அன்று மிருதுளா கணினியை அணைத்தாள். பிறகு தவமணியின் வீட்டுக்குப் போனாள். சாயந்திரம், தண்ணீர் விடுகிற நேரம். தவமணி குழாயடியில் இருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். ராசு கழுத்தைச் சாய்க்கறது பரணி இல்லை."

"உங்களுக்கென்னங்க தெரியும்? நான் பெத்தவ."

"ஆறு வயசு வரைக்கும் அதுல பரணியோட பங்கு இருந்துச்சு. நீங்க பாத்தது நிஜந்தான். ஆனா ஏழுல இருந்து அவன் பங்கு ஒரு துளிகூட இல்லை. நான்தான கூட்டினேன். ஒருத்தன் மட்டும் சாய்ச்சா நூலளவுதான் வரும். இவ்வளவு வரணும்னா…" குடம் நிரம்பி வழிந்தது. "எல்லாப் பிள்ளைங்களுக்கும் தறிச் சத்தத்துல காது போயிட்டு இருக்குதுங்க அக்கா. வருஷா வருஷம். அதான் ராசு இவ்வளவு சாய்க்குது. பரணிக்குக் கொஞ்சம் முந்திப் போச்சு, அவ்வளவுதான்."

தவமணி குடத்தை எடுக்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் மிருதுளாவின் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். படித்தவள் தன் பையனை இரண்டாந்தரம் கொன்றுவிட்டாள் என்றாள். அக்கம்பக்கத்தார் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

மூன்றாம் நாள் மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன். காலையில் ஊர் முழுக்கத் தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. அந்த நாளில் தாழைமேட்டில் காக்கை நடக்கிற சத்தம்கூடக் கேட்கும். அந்த அமைதி பிடிக்காமல் பலர் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்விடுவார்கள். கிருத்திகா பின்வாசலில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். தவமணி கதவருகே நின்று, அவள் முதுகைப் பார்த்து, சாதாரணக் குரலில், "அம்மிணி," என்றாள்.

கிருத்திகா ஊசியில் நூல் கோத்தாள்.

தவமணி ஓரடி முன்னால் வந்தாள். "கிருத்திகா." இன்னும் ஓரடி. பெண்ணின் ஈரமான பின்னலுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, "அம்மிணி, கிருத்தி, சாமி," என்று, அந்தப் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பெயர்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஊசி துணிக்குள் போய் வந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்டது.

தவமணியின் நிழல் துணிமேல் விழுந்தபோதுதான் கிருத்திகா திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"எப்ப இருந்து?" என்றாள் தவமணி.

"தெரியலை. ஏழாவது படிக்கறப்பவே கொஞ்சம் கொஞ்சமா."

"ஏன் கண்ணு சொல்லலை?"

"சொல்லி என்னம்மா ஆகும். எங்க கிளாஸ்ல பாதிப்பேரு அப்படித்தான். வாயைப் பாத்தா என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுரும், அது எங்களுக்குப் பழகிடுச்சு." கிருத்திகா துணியை மடித்தாள். "நீ ராசுகிட்டப் பேசறப்ப மூஞ்சியைப் பாத்துப் பேசுவ. ராசு பக்கத்துல உக்காந்துக்கிட்டா உன்ற வாய் எனக்கும் தெரியும். அதனாலதான் நான் எப்பவும் அது பக்கத்துலயே உக்காருவேன். எங்கிட்டத்தான் நீ அடுப்பைப் பாத்துட்டே பேசற."

தவமணி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பெண்ணின் கண்கள் உடனே தன் உதட்டுக்கு இறங்கியதைக் கண்டு, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல், அவள் இரண்டு காதுகளையும் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். இப்போது பொத்தி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் மின்சாரம் வந்து தறிகள் மறுபடி கிளம்பும்வரை கையை எடுக்கவில்லை.

மிருதுளாவின் அறிக்கை வரப்போகிறது என்ற செய்தி ஊருக்குள் பரவியது. அது வந்தால் வீடுகளுக்கு நடுவில் தறி ஓட்டக்கூடாது என்பார்கள், ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்வார்கள், அதுவரை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தினால் அடுப்பு எரியாது. இட்லிக்கடையிலும் மருந்துக்கடையிலும் அதே பேச்சு. அதற்குப் பிறகு ராசுவுக்குக் கவளம் கொடுக்கிற வீடுகள் குறைந்தன. மாலை போட்டவர்கள் அதைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினார்கள். பதினைந்து வயதோடு விவரங்கள் முடிந்துவிட்டதால் ராசு மேலே வளரவும் இல்லை. தெருமுனையில் தலையைச் சாய்த்து நின்று, மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பொன்னுரங்கம் மேடையில் ராசுவை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் பேசினார். மண்டபத்துக்குப் பின்னாலேயே தறிகள் ஓடின; கூட்டத்துக்காகக்கூட அவற்றை நிறுத்தவில்லை. பெரியவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷத்துப் பிள்ளைகள், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், இடமில்லாமல் பின்சுவர் ஓரமாக நின்றார்கள்.

"இது எங்கிருந்து வந்துது? வாய்க்கால்ல கிடந்துது," என்றார் பொன்னுரங்கம். "யாரோ போட்டுட்டுப் போன பிள்ளை. பாவம்னு ஊரு சோறு போட்டுது. இதுக்குக் காது கேக்கலைன்னா நம்ம பிள்ளைகளுக்குக் கேக்கலைன்னு எழுதறதா? நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது யாரு பிள்ளை? இங்க இருக்கறதுல யாராச்சும் எந்திரிச்சு, இது என்ற பிள்ளைன்னு சொல்லுங்க. சொன்னாப் பேசலாம்."

இட்லிக்கடைக்காரி தன் மடியைப் பார்த்தாள். மகனின் முதுகை நிமிர்த்தியவர் செருப்பைத் தேடினார். மூக்கு என்றவர்கள், நடை என்றவர்கள், கண் என்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை ஓரத்தில் மிருதுளா எழுந்து ஏதோ சொல்லப்போனாள். "நீங்க வெளியூருங்க மேடம்," என்று உட்காரவைத்தார்கள்.

மாதேசு தவமணியின் முழங்கையைப் பிடித்தான். அவள் அந்தக் கையை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ற பிள்ளைதானுங்க," என்றாள்.

"உன்ற பையன் போய்ச் சேந்து ஒம்போது வருஷமாச்சு தவமணி," என்றார் பொன்னுரங்கம், கொஞ்சம் இரக்கத்தோடுதான். "மேடமே அவன் இதுல இல்லைன்னு சொல்லிட்டாங்களாமே."

"இல்லீங்க. அவன் இல்லை. எனக்குத் தெரியும்." அவள் குரல் தறிச் சத்தத்தில் பாதி கரைந்தது. "பொண்ணு இருக்கறா."

பின்சுவர் ஓரமாக நின்ற கிருத்திகாவுக்கு, அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. எல்லாரும் அம்மாவையே பார்ப்பதைக் கண்டு அவள் கையை அசைத்தாள்: என்ன, என்ன கேட்டாங்க?

தவமணி மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மண்டபத்தின் முழு நீளத்துக்கும் அந்தப்பக்கம் நின்ற மகளின் முகத்தை நேராகப் பார்த்து, பக்கத்து நாற்காலியில் இருந்த மாதேசுக்குக்கூடக் கேட்காதபடி, குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து மெதுவாகச் சொன்னாள்:

"இது யாரு பிள்ளைன்னு கேக்கறாங்க. இது நீங்கதான்னு சொல்லுங்க கண்ணுகளா."

நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு அவள் சும்மா நிற்பதாகத்தான் தெரிந்தது. அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். பின்னாலிருந்து கிருத்திகா கையைத் தூக்கினாள். அவளுக்கு இரண்டு தள்ளி நின்ற சர்ச் தெருப் பையன் தூக்கினான். இட்லிக்கடைக்காரியின் மகள் தூக்கினாள். சுவர் நீளத்துக்கும், கதவு வரைக்கும், கதவுக்கு வெளியே படிகளிலும், ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் எழுந்தன. பெற்றவர்கள் நாற்காலிகளில் திரும்பி, யாரும் ஒன்றும் கேட்காத இடத்தில் தங்கள் பிள்ளைகள் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்று புரியாமல் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, பிள்ளைகளின் கண்கள் எங்கே நிலைத்திருக்கின்றன என்பதைக் கண்டார்கள்.

பொன்னுரங்கம் ஒலிபெருக்கியில் தன் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். மண்டபத்தின் சுவர்கள் அதிரும்படி மூன்றாந்தரமும் கூப்பிட்டார். அவள் தூக்கிய கையோடு தவமணியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.